ஹேண்டில் உறையும் என் பேத்தியின் கையும்

1

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஆறு பேர். நான் பெற்றது மூன்று, பிரசவத்தில் போய்விட்ட நாத்தனாருடையது இரண்டு, கடைசியாக என் மகன் சேகரின் பெண் திவ்யா. அவளை எட்டு வயது வரை கள்ளிக்குப்பத்து வீட்டில் வைத்து நான்தான் வளர்த்தேன். பிறகு அப்பன் ஆத்தாளோடு இங்கிலாந்துக்குப் போனாள். என் வீட்டுக்காரர் காலமான பின் நானும் இங்கே வந்து சேர்ந்தேன். வருகிற தை மாதத்தோடு ஆறு வருடம்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப் பொழுது ஆகிறது. ஆகட்டும். அடுப்பை அணைத்துவிட்டால் எனக்கு இங்கே வேறு வேலை இல்லை.

இதைப் படிக்கப் போகிறவர்கள் என்னோடு ஆவடியில் பட்டாளத்துக்கு உடுப்பு தைத்தவர்கள். ரிட்டயரான பிறகும் விடாமல் வருடத்துக்கு ஒரு மலர் போடுகிறீர்கள். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு முட்டி ஆபரேஷன், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று எல்லாம் அதில் வரும். இந்த வருடம் திருவேற்காட்டுப் பட்டம்மா என்னைப் போனில் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாக்கா, நம்ம செக்ஷன்லயே ஃபாரின்ல கீறது நீ ஒருத்திதான். ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்க மாட்டியா?”

“நான் இன்னாடி எழுதப் போறேன். எழுந்தா குளுரு, டீ குடிச்சா இருட்டு.”

“பேத்தி வண்டிக்கு உறை தைச்சியே, அத்த எழுது. படிக்கிறவளுங்களுக்கு வயிறு எரியட்டும்.”

அந்த உறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். வயிறு எரிய இதில் ஒன்றும் இல்லை. என் பெருமையால் ஒரு பெண்ணின் கையும், அந்தக் கையை நம்பிய அவள் வேலையும் போக இருந்த கதை. எழுத உட்காரும்போதெல்லாம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

2

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்குப் பக்கம், ஒரு மேட்டு ஊர். தெருவே சாய்ந்துதான் இருக்கும். சேகர் சாமான் கிடங்கில் ராத்திரி ஷிப்ட். மருமகள் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். திவ்யா பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்தாள். காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் மேட்டில் பஸ் கிடையாது. அதனால் சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றை யாரோ ஓட்டிய பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினாள்.

வண்டி வந்த அன்றைக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னேன். திருவேற்காட்டில் என்றால் கோயில் வாசலிலேயே பழம், பூ, கற்பூரம் எல்லாம் கிடைக்கும். இங்கே கடையில் வாங்கிய பழத்துக்கு மெழுகு பூசியிருந்தது. அது நசுங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடி எதிர் வீட்டுப் படியில் போய் நின்றது. அந்த வீட்டுக் கிழவர் அதை எடுத்துத் துடைத்து, மரியாதையாக என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். திவ்யா ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்தாள்.

கார்த்திகை வரை ஒன்றும் இல்லை. அப்புறம் குளிர் இறங்கியது. நம் பக்கத்தில் மார்கழி விடியலில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் குல்லாய் மாட்டிக்கொண்டு, காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு போவார்கள். என் வீட்டுக்காரர் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர். அதைத்தான் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இங்கே வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று தடித்த கையுறைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியாதாம். திவ்யா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் கை உணர்வு திரும்பும் வரை அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பாளாம். அவள் வேலைக்கு விரல்தான் எல்லாம். நரம்பு எங்கே ஓடுகிறது என்று தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்காக அவள் போனிலேயே ஆர்டர் போட்டு ஒரு பெட்டி வரவழைத்தாள். உள்ளே ஹேண்ட் கார்டு ஒரு ஜோடி. பிரேக் பிடிக்கு முன்னால் கேடயம் மாதிரி நிற்கிற பிளாஸ்டிக் தகடு, அதைத் தாங்க வளைந்த கம்பி, நாலைந்து ஸ்க்ரூ. காற்றை அது தடுக்குமாம்.

நான் அதைத் தட்டிப் பார்த்தேன்.

“இன்னாடி இது, சோப்பு டப்பா மூடியாட்டம் கீது? இதுவா குளுரு தாங்கும்?”

“காத்துக்குதான் ஆயா இது. உள்ள கிளவுஸ் போட்டுக்குவேன்.”

“பார்டர்ல பனியில நிக்கிற சிப்பாய்க்கு உறை தைச்ச கை இது. எம் பேத்தி பிளாஸ்டிக்க மாட்டிகினு போவணுமா? எடுத்து வை அப்பால.”

அவள் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தேன்.

3

உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் மலர் உங்கள் வீட்டு மருமகள்கள் கைக்கும் போகும் என்பதால் சொல்கிறேன். பனிப் பிரதேசத்துக்கு நாம் தைத்த உறையில் கட்டை விரலுக்கு ஒரு வீடு, துப்பாக்கிக் குதிரையை இழுக்கிற விரலுக்கு ஒரு வீடு, மீதி மூன்றுக்கும் சேர்த்து ஒரே பை. மே மாதத்து ஆவடி வெயிலில், ஃபேன் சுடுகாற்றைத் தள்ளிக்கொண்டிருக்க, அதை நம் கையிலேயே மாட்டிப் பார்ப்போம். வியர்வை முழங்கை வழியாக ஒழுகும். எங்கள் வரிசையில் பனியைக் கண்ணால் பார்த்தவள் ஒருத்தியும் கிடையாது.

மணிக்கட்டில்தான் எல்லாம் இருக்கிறது என்பார்கள். செக்கர் வந்து உறையை மாட்டிப் பார்ப்பார். துணிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே சுண்டு விரல் நுழைந்தால் போச்சு. அந்தக் கட்டு முழுவதும் சிவப்பு நூல் சுற்றி நம் மெஷின் மேல் திரும்பி வரும். மற்றவர்கள் தைத்துக்கொண்டிருக்க நாம் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். அந்தச் சிவப்பு நூல் என் மெஷின் மேல் ஒருநாளும் வந்ததில்லை. அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. விசாவுக்குக் கைரேகை வைக்கப் போனபோதும் சொன்னேன். துணி தேய்த்துத் தேய்த்து என் விரலில் ரேகையே இல்லை. மெஷின் எடுக்க மாட்டேன் என்கிறது. வை, எடு, துடை, மறுபடி வை என்று நாலு தடவை வரவழைத்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் களைத்துப்போய் என் விரலுக்குக் கிரீம் தடவும்போது, “பட்டாளத்துக்குத் தைச்ச கைம்மா, ஒரு ரிட்டன் வந்ததில்ல” என்றேன். அவள் தலை நிமிரவில்லை.

அப்படிப்பட்டவள் உறை தைக்க உட்கார்ந்தேன். ஹேண்டில் கைப்பிடியையும் பிரேக்கையும் சேர்த்து மூடுகிற பை அது. அது வண்டியிலேயே கட்டியிருக்கும், ஓட்டுகிறவள் கையை அதற்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். இங்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்கள் வண்டியில் பார்த்திருக்கிறேன். அவர்களுடையது வாய் அகலமாகத் தொளதொளவென்று இருக்கும். காற்று போகாதா என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே சேகரின் பழைய மழைக் கோட்டுத் துணி, நடுவில் மெத்தை விரிப்பு, உள்ளே கம்பளி. பழைய சாமான் கடையில் வாங்கிய கை மெஷின். வண்டி நின்றிருந்தபோது நானே ஹேண்டிலை முழம் போட்டுக்கொண்டேன். மணிக்கட்டுக்கு அவளைக் கூப்பிடவில்லை. என் மணிக்கட்டையே அளந்து, எலாஸ்டிக்கை இரண்டு சுற்றாக வைத்துத் தைத்தேன். முடிந்ததும் சுண்டு விரலை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. எவ்வளவு சந்தோஷம் எனக்கு.

4

முதல் நாள் சாயந்தரம் கதவைத் திறந்ததும் கேட்டேன்.

“எப்டிடி இருந்துச்சு?”

“சூப்பர் ஆயா. வார்மா கீது.”

இத்தனை வருடமாகியும் அவள் வாயிலிருந்து அந்த ‘கீது’ போகவில்லை. என்னிடம் மட்டும்தான் வரும். அது வந்துவிட்டால் எனக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றாது. அன்றைக்கு அவள் நொண்டிக்கொண்டு மாடி ஏறினாள். படியில் இடித்துக்கொண்டேன் என்றாள். நம்பினேன்.

அன்றைக்கே பட்டம்மாவுக்குப் போன் போட்டேன். ஆவடி குவார்ட்டர்ஸ் மேரிக்கும் போட்டேன். படம் எடுத்து அனுப்பினேன். மாங்காட்டில் இருக்கும் என் மகள் வரைக்கும் சேதி போனது. திவ்யா வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும் நேரத்தில் நான் கூடத்தில் உட்கார்ந்து யாரிடமாவது அந்த உறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அவள் சோற்றை ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தாள்.

“இன்னாடி இது? ரசஞ்சோத்த ஸ்பூன்ல துன்ற? வெள்ளைக்காரியா ஆயிட்டியா?”

“போன் பாத்துகினே சாப்புடறேன் ஆயா. அழுக்காயிடும்.”

“கையால பெசஞ்சி துன்னாதான் அது சோறு. இப்டியே போனா நாளைக்கு எம்பேரையும் மறந்துடுவ.”

“விடும்மா,” என்றான் சேகர். நான் விடவில்லை. பிள்ளைகள் இந்த ஊரோடு போய்விடுகிறார்கள், ஒவ்வொன்றாகக் கை நழுவுகிறது என்று பட்டம்மாவிடம் போனில் புலம்பினேன். திவ்யா பக்கத்து அறையில்தான் இருந்தாள். வீட்டுக்குள்ளேயும் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டிருந்தாள். குளிர் என்றாள்.

அடுத்த வாரம் இன்னொன்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்களுக்குப் பேர் ஒட்டுகிற மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்களாம்.

“மேஜ வேலையா? ப்ரமோஷனாடி?”

கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே, “அந்த மாதிரிதான் ஆயா,” என்றாள்.

அதையும் போன் போட்டுச் சொன்னேன். எங்கள் குடும்பம் கள்ளிக்குப்பத்தில் ஊரார் வயலில் நாற்று நட்ட குடும்பம். என் பேத்தி வெள்ளைக்கார ஆஸ்பத்திரியில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வலிக்கவில்லை.

5

ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் வண்டிச் சத்தம் தெருவில் இறங்கியது. முனையில் சிக்னல் இருக்கிறது, பிடித்துவிடலாம் என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் என் ஓட்டம். தரையெல்லாம் உப்புத் தூவினது மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.

முனையில் பஸ் நிற்கிற கூண்டு ஒன்று உண்டு. அதன் விளக்கு வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தியிருந்தாள். என்ன செய்கிறாள் என்று முதலில் புரியவில்லை. குனிந்து எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விரலால் முடியவில்லை, பல்லால் கயிற்றைக் கடித்து இழுத்தாள். ஒரு உறை கழன்று வந்தது. அதைத் தோள்பையில் திணித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். அவசரமே இல்லை அவளிடம். தினமும் செய்கிற வேலையைச் செய்கிற கை அது.

கம்பளிக் கையுறையைக் கழற்றி விரலில் ஊதிக்கொண்டாள். அப்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறம். கணுவுக்குக் கணு வீங்கி, இரண்டு மூன்று இடத்தில் தோல் வெடித்திருந்தது. வீங்கிய விரலில் தடித்த கையுறை ஏறாது போல. அந்தக் கையை வெறும் மெல்லிய கையுறையில் நுழைத்துக்கொண்டு, காற்றுக்கு எதிரே போய்விட்டாள்.

நான் யாருடைய குப்பைத் தொட்டிக்கோ பின்னால் டப்பாவோடு நின்றிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ரசத்துக்கு ஸ்பூன் எதற்கு என்று அங்கே நின்றபடிதான் எனக்குப் புரிந்தது. வெடித்த விரலில் புளியும் மிளகும் பட்டால் எப்படி இருக்கும்.

சாயந்தரம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். அதே கூண்டில் வண்டி நின்றது. உறைகளை எடுத்து மறுபடியும் ஹேண்டிலில் கட்டினாள். என் கண்ணுக்காகக் கட்டினாள். வேலை முடித்து அலுத்து வருகிற பெண், வெடித்த விரலோடு அந்தக் குளிரில் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு இன்னும் நாலு வீடுதான் பாக்கி.

கதவைத் திறந்தபோது பழக்கத்தில் என் வாய் கேட்டுவிட்டது. “எப்டிடி இருந்துச்சு?”

“வார்மா இருந்துச்சு ஆயா.”

தட்டில் சோறு போட்டேன். ஸ்பூனையும் நானே எடுத்து வைத்தேன். அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதே நான் பேசியிருக்க வேண்டும். அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் என்னால் முடியவில்லை. குளிர் மட்டும் குறையாமல் இருந்தது, அவளும் தினமும் முனையில் நின்றுதான் போனாள். இதையும் எழுதிவிடுகிறேன்.

6

ஞாயிற்றுக்கிழமைதான் நம் வழக்கமான வீடியோ போன். சேகர் போனை எண்ணெய் பாட்டில் மேல் சாய்த்து வைத்தான். கட்டம் கட்டமாக உங்கள் முகங்கள் வந்தன. பட்டம்மா ஆரம்பித்தாள்.

“எங்கக்கா அந்த உறை? போட்டோவுல பாத்தா பத்தாது. பேத்திய மாட்டிக் காட்டச் சொல்லு.”

“இன்னொரு நாளு பாத்துக்கலாம்டி,” என்றேன்.

“ஐய, இப்ப இன்னா ராங்கி பண்ற? பாப்பா, எடுத்தா கண்ணு!”

நான் தடுப்பதற்குள் திவ்யா வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். போனுக்கு முன்னால் வருவதற்குள் இரண்டு கையையும் அவசரமாக உறைக்குள் நுழைத்துக்கொண்டாள். ஏன் அந்த அவசரம் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களில் யாரும் அவள் விரலைப் பார்த்துவிடக் கூடாது, பார்த்தால் என் மானம் போய்விடும் என்ற பயம் அவளுக்கு.

“மணிக்கட்ட பாருங்கடி,” என்றாள் மேரி. “நம்ம செக்கர் பாத்தாருன்னா கண்ணுல ஒத்திக்குவாரு.”

“சூப்பர் ஆன்ட்டி. வார்மா இருக்கு,” என்று திவ்யா சிரித்தாள்.

“கைய எடுத்துட்டு உள்பக்கத்த காட்டு பாப்பா. கம்பளியா வச்சிகீது உங்காயா?” என்று பட்டம்மா கேட்டாள்.

திவ்யா இழுத்தாள். வரவில்லை. வீங்கின கணுவில் எலாஸ்டிக் மாட்டிக்கொண்டது. சிரித்த முகம் மாறாமல் இன்னொரு தடவை இழுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதும் சிரிக்கத்தான் பார்த்தாள்.

“எடுக்காத! அப்டியே இரு!”

கத்தரிக்கோலை எடுத்தேன். மணிக்கட்டில் நான் வைத்த இரண்டு சுற்று எலாஸ்டிக்கையும், மேல்துணியையும், மெத்தையையும் சேர்த்து வெட்டினேன். உறை இரண்டாகப் பிளந்து அவள் கை வெளியே வந்தது. கணுவில் தோல் உரிந்து ரத்தம். இன்னொரு கையை, எலாஸ்டிக்கை விரித்துப் பிடித்து மெல்ல உருவிவிட்டு, போன் பக்கம் திரும்பினேன்.

“தப்பா தைச்சிட்டேன்டி,” என்றேன். “கை உள்ள போனா வெளிய வரல. கொழந்த தெருமொனையில கழட்டிட்டு வெறுங்கையோட குளுர்ல போயிகினு கீது. எங்கிட்ட சொல்லல. சொல்ல முடியாத மாரி நான் ஒக்காந்துகினு இருந்தேன்.”

பட்டம்மாவுக்கு வாய் நிற்காது, உங்களுக்குத் தெரியும். “அடியாத்தீ, கோவிந்தம்மாளுக்கே ரிட்டனா!” என்று சிரித்துவிட்டாள். மேரி, “சும்மா கெட பட்டு,” என்று அதட்டினாள். என் காதெல்லாம் சுட்டது. சேகர் வந்து போனை அணைத்தான்.

7

மஞ்சள் பொடி எடுத்துக்கொண்டு வந்தேன். அதைத் தடவ வேண்டாம் என்று திவ்யா தடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைத் தானே போட்டுக்கொண்டாள். கோபமாக இருந்தாள்.

“ஏன் ஆயா எல்லார் முன்னாடியும் அப்டி சொன்ன?”

“நீ ஏன்டி ஒருத்தர் முன்னாடியும் சொல்லல?”

“மொத நாளே ஆஸ்பிட்டல் கேட்டாண்ட விழுந்துட்டேன். நிறுத்தறப்ப காலு வழுக்குச்சு. கைய எடுத்து ஊனலாம்னா உள்ள மாட்டிகிச்சு. வண்டியோட சாஞ்சிட்டேன். அதுவும் இல்லாம மழ பேஞ்சா துணி நனஞ்சி தொங்கி பிரேக்க அமுக்குது.”

“அன்னிக்கே சொல்லிருக்கக் கூடாதா?”

“சொல்லலாம்னுதான் வந்தேன். நீ போன்ல கீற. பார்டரு, சிப்பாய், ஒரு ரிட்டன் வந்ததில்லன்னு. எப்டி சொல்றது?”

“அதுக்காக கைய இப்டி ஆக்கிக்குவியா? அந்த ப்ரமோஷன்…”

“ப்ரமோஷன் இல்ல ஆயா. தோலு வெடிச்ச கையோட பேஷன்ட்ட தொட விட மாட்டாங்க. அதான் லேபிள் ஒட்ட வச்சிகீறாங்க. ட்ரெயினிங் இன்னும் ஒரு மாசம்தான். அதுக்குள்ள ஆறலன்னா பாஸ் போட மாட்டாங்க, வேற ஆள எடுத்துக்குவாங்க.”

களிம்பு டப்பாவை வாங்கி மூடினேன். அவளே மறுபடியும் சொன்னாள், குரலை இறக்கி.

“உங்கிட்ட வேணாம்னு சொல்ல முடியாது ஆயா. சின்ன வயசுலேர்ந்தே முடியாது. நீ திட்ட மாட்ட. அடிக்க மாட்ட. ஆனா ரெண்டு நாளைக்கு பேச மாட்ட.”

ஆறு பேரை வளர்த்தவளிடம் அந்த ஆறாவது சொன்ன வார்த்தை இது. பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கள்ளிக்குப்பத்து வீட்டில் நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்க, ஒரு குழந்தை என் முதுகுப் பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது நினைவுக்கு வந்தது.

“அந்தப் பொட்டி இன்னும் கீதா?” என்று கேட்டேன்.

“எந்தப் பொட்டி?”

“சோப்பு டப்பா மூடி.”

கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் உடனே பின்பக்கத்து முற்றத்துக்கு வண்டியைத் தள்ளினோம். போனில் ஒருவன் செய்து காட்டுவதை அவள் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். ஹேண்டில் நுனியில் இருக்கிற இரும்புக் குண்டை முதலில் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ கழற்றுகிற சாவியைத் திருக அவள் விரலுக்குப் பிடி இல்லை. நான் வாங்கித் திருகினேன். ரேகைதான் தேய்ந்திருக்கிறது, பிடி போகவில்லை. கழற்றிய ஸ்க்ரூக்களை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கம்பியின் ஒரு நுனி ஹேண்டில் முனையில், இன்னொரு நுனி பிரேக்குக்கு உள்பக்கம் ஒரு பட்டையால் பிடித்து நிற்க வேண்டும். இரண்டையும் தளர்வாக மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முறுக்க வேண்டுமாம். நான் முதல் ஸ்க்ரூவையே இறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

“போதும் ஆயா. ரொம்ப முறுக்காத. ஒடஞ்சிடும்.”

சாவியை எடுத்துவிட்டேன்.

ஹேண்டிலை இந்தக் கோடி வரை திருப்பினாள், அந்தக் கோடி வரை திருப்பினாள். ஒயர் எதுவும் மாட்டவில்லை. பிரேக்கைப் பிடித்து விட்டாள். தகட்டில் இடிக்கவில்லை. அப்புறம் நான் வெட்டிப்போட்ட உறையை எடுத்து வந்து தகட்டின் மேல் போர்த்திப் பார்த்தோம். கம்பி தாங்குவதால் துணி பிரேக்கில் விழவில்லை. காற்றுக்குத் தகடு, குளிருக்குத் துணி, இரண்டும் இருக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். முற்றத்துக் காய்ந்த புல்லில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்த உறையிலும் மணிக்கட்டுத் தையலைப் பிரித்தேன். வெட்டின இடத்துக்குப் பட்டை வைத்து, இரண்டுக்கும் வாயை அகலமாக்கி ஊசியாலேயே தைத்தேன். சாப்பாடு கொண்டுபோகிற பையன்களுடையது மாதிரியே தொளதொளவென்று.

“கைய விடு,” என்றேன். “போவுதா?”

“போவுது.”

“எடு. வருதா?”

“வருது.”

“டக்குனு எடு. இடிக்குதா?”

“கட்ட வெரலாண்ட கொஞ்சம் இடிக்குது ஆயா.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

பிரித்தேன். மறுபடியும் தைத்தேன்.

8

மறுநாள் காலை டாக்டரிடம் நேரம் வாங்க நானே போன் எடுத்தேன். இங்கே போனிலேயே வரிசையில் நிற்க வேண்டும், பாட்டுப் போட்டு நிற்க வைப்பார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “மை பேபி ஹேண்ட் பேட்” என்றேன். பேபிக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். “ட்வென்ட்டி ஒன்” என்றேன். குழந்தைகள் டாக்டருக்கு எழுதிவிட்டாள். இருபத்தொரு வயதுப் பெண் ஹெல்மெட்டோடு போய் பொம்மைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வந்தாள். மருந்து சரியானதுதான் கொடுத்தார்கள்.

புண் ஆற மூன்று வாரம் பிடித்தது. பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஊசியைக் கொடுத்தார்களாம். அன்றைக்கு ராத்திரிச் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். நான் போனை எடுக்கவில்லை. ஒருத்திக்கும் சொல்லவில்லை.

வேறு ஒரு போன் மட்டும் போட்டேன். மாங்காட்டில் இருக்கும் என் மகளுக்கு. “நான் தைச்சிக் குடுத்த ஸ்கூல் பாவாட எல்லாம் எப்டிடி இருந்துச்சு?” என்று கேட்டேன். அவளுக்கு இப்போது ஐம்பது வயது. சிரித்துக்கொண்டே, “இடுப்பு புண்ணாயிடும்மா. கிளாஸ்ல ஊக்க கழட்டி வுட்டுகினு ஒக்காருவேன்,” என்றாள். இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இதை எழுதி முடிக்க இத்தனை காலைகள் ஆயின. என் கையெழுத்தை நானே திரும்பப் படித்தால் தப்புத் தெரிவதில்லை. திவ்யாவும் என்னைப் போலவே மூன்றாம் வகுப்பு வரைதான் தமிழ் படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். “எதுக்கு ஆயா, நல்லாதான் இருக்கும்,” என்று எழுந்திருக்கப் பார்க்கிறாள்.

“ஒக்காருடி. மொதல்லேர்ந்து படி, சத்தமா படி. உன்னப் பத்தி எழுதக் கூடாதது எதுனா எழுதிகீறேனான்னு பாரு. புடிக்காத எடம் வந்தா நிறுத்து, எம்மூஞ்சியப் பாத்து சொல்லு. ரெண்டு நாளு பேசாம ஒக்கார மாட்டேன்.”